திருகோணமலையை நண்பர்களோடு நடந்து பார்க்க: விடிகாலைக் கோட்டையிலிருந்து பொழுதுபடும் துறைமுகம் வரை

வெளிநாட்டிலிருந்து திருகோணமலைக்கு வரும் தமிழர்களில் அநேகர் இந்த நகரத்தைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். வான் பிடித்து வந்து நேரே கோணேசர் கோயிலடியில் இறங்குவார்கள். கும்பிட்டு, இராவணன் வெட்டில் படம் எடுத்து முடிந்ததும் அதே வானில் நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். நடுவில் இருக்கிற ஊர் யன்னல் வழியே ஓடி மறைந்துவிடும். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நாலு பேருடைய கொடியும் ஏறி இறங்கிய ஊர் இது. பாடல் பெற்ற தலம் ஒன்றைத் தன் தலைமேல் வைத்திருக்கிற ஊரும் கூட. இதை இறங்கி நடந்துதான் பார்க்க வேண்டும்.

நான் இந்த ஊர்க்காரன். சென்னையிலிருந்தும் கனடாவிலிருந்தும் நண்பர்கள் வந்தால் நடத்தித்தான் கூட்டிக்கொண்டு போவேன். அதற்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு வெயிலைப் பின்பற்றியது. நகரம் ஒரு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உள்துறைமுகம். காலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் நின்று கடலிலிருந்து எழும் சூரியனைப் பார்த்துவிட்டு, மாலையில் மறுபக்கம் போய்த் துறைமுகத்துக்கு அப்பால் அது இறங்குவதைப் பார்க்கலாம். இடையில் எங்கேயும் வாகனம் தேவைப்படாது.

எப்போது, எப்படி வருவது

கிழக்குக் கரைக்கு மழை வாடைக் காற்றோடு வரும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கடல் கொந்தளிப்பாகவும் வீதிகள் ஈரமாகவும் இருக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி, வானம் தெளிவு. ஆனால் ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். மத்தியானத்தில் அது முகத்தில் சூடாக அடிக்கும், உதடு வெடிக்கும். வெயில் பழக்கமில்லாதவர்கள் மார்ச், ஏப்ரல் அல்லது செப்டம்பரில் வருவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கொழும்பு வழியும் உண்டு, யாழ்ப்பாணத்து வழியும் உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் சேவையும் திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் இறங்கினால் வவுனியா வழியாகப் பஸ்ஸில் வரலாம். கொழும்பில் இறங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் இரவு ரயில். மாகோ, கல்லோயா சந்தி வழியாக வந்து விடிகிற நேரத்தில் இங்கே சேரும். விசா விதி, ரயில் நேரம், கப்பல் ஓடும் நாள் எல்லாம் அடிக்கடி மாறுபவை. பயணச்சீட்டுக்குக் காசு கட்டும் முன் அவரவர் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தங்குமிடம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உப்புவெளியும் நிலாவெளியும் அழகான கடற்கரைகள்தான், ஆனால் அங்கே தங்கினால் காலையில் நகரத்துக்கு வரவே வாகனம் வேண்டும். நடக்கும் நாளுக்கு முதல் இரவாவது நகரத்துக்குள், டைக் வீதிப் பக்கம் தங்குங்கள். பின்வாசலைத் திறந்தால் கடல் நிற்கும் வீடுகள் அந்த வீதியில் இருக்கின்றன.

யார் யார், எத்தனை பேர்

நாலு பேர் நல்ல கணக்கு. ஆறு வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வீதி கடக்கவே நேரம் போய்விடும், பின்னால் வருகிறவர்கள் கதையில் பாதியைத் தவறவிடுவார்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை முன்னால் விடுங்கள். வேகமானவர்கள் பின்னால் வரட்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிச் சண்டை குறையும்.

காசுக்கு ஒரு பொதுப் பை, அதை வைத்திருக்க ஒருவர். தேநீர், இளநீர், ஓட்டோ எல்லாம் அதிலிருந்து போகட்டும். அடுத்தது நான் எப்போதும் வற்புறுத்துவது: வருவதற்கு முன்பே ஆளுக்கொரு கதையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கோயில் இடிந்து எழுந்த கதை, ஒருவர் கோட்டை கைமாறிய கதை, ஒருவர் 1942 குண்டுவீச்சு, ஒருவர் கல்லறைகள். அந்தந்த இடத்தில் நின்று அவரவர் சொல்ல வேண்டும். கைபேசியில் தலையைக் குனிந்துகொண்டு எல்லோரும் ஒரே பக்கத்தை வாசிப்பதைவிட, நண்பன் வாயால் கேட்கிற கதைக்கு நாலு குறுக்குக் கேள்வி வரும். அப்படிக் கேட்டது மறக்காது.

கொண்டுவர வேண்டியவை கொஞ்சம்தான். தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், கழற்ற லேசான செருப்பு, தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. கோயிலிலும் தேவாலயத்திலும் அந்த உடுப்பே போதும். ஈழத்துச் சைவக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிக் கும்பிடுவது வழக்கம். உள்ளே போகிற மற்றவர்களைப் பார்த்து அதன்படி செய்யுங்கள்.

முதல் அடி: கோட்டை வாசலைக் காலால் கடப்பது

விடியும் முன் புறப்படுங்கள். வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாள் மாலையே தங்குமிடத்தில் கேட்டுவைத்தால் நல்லது, ஏனென்றால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது, அதற்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. பை பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். சிரித்த முகத்தோடு பதில் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முகாம் கட்டடங்களையும் சிப்பாய்களையும் படம் எடுக்க வேண்டாம்.

வாசலில் அவசரப்படாதீர்கள். இந்தக் கோட்டை கட்டப்பட்டது கோயிலை இடித்த கல்லால். 1622இல் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் ஆட்கள் மலைமேல் இருந்த கோணேசர் கோயிலைக் கொள்ளையிட்டு இடித்தார்கள். சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி வெளிவீதி போயிருந்த நேரம் பார்த்துப் பூசகர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது தலைமுறையாகச் சொல்லப்படுவது. அடுத்த ஓரிரு வருடங்களில் அந்தக் கற்களே கோட்டை மதிலாகின. இன்று நீங்கள் கடக்கும் வாசலில் அதற்குச் சாட்சி இருக்கிறது. நிலைக்கல்லில் இரண்டு மீன்கள் பக்கத்துக்குப் பக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாண்டியரின் இணைக்கயல். அதனோடு தேய்ந்துபோன தமிழ் எழுத்துக்கள். இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னன் என்று சொல்லப்படும் குளக்கோட்டனின் வேலையைப் பின்னாளில் பறங்கி (போர்த்துக்கீசன்) பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் எழுத்துக்கள் அவை என்று படித்திருக்கிறார்கள்.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்த மீன்களின் செதில் வரைக்கும் தெரியும். உச்சி வெயிலில் பார்த்தால் அது வெறும் சொரசொரப்பான கல். விரலால் தடவாதீர்கள், ஏற்கெனவே நிறையத் தேய்ந்துவிட்டது. வாகனத்தில் போகிறவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. இந்த வாசலுக்காகவே நடந்து வாருங்கள் என்று சொல்வேன்.

கோட்டை கைமாறிய கதையை வைத்திருப்பவர் இங்கே பேசலாம். 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். பின்னர் 1665இல் திருப்பிக் கட்டினார்கள். 1782 இந்த ஊருக்கு ஒரு பைத்தியக்கார வருடம்: ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் வந்து ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார், செப்டம்பர் 3இல் கரைக்கு வெளியே இரண்டு கடற்படைகளும் மோதிக்கொண்டன. சமாதானம் ஆனதும் ஊர் மறுபடி ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து நிலையாக இருந்துகொண்டார்கள். 1803இல் தங்கள் அரசர் மூன்றாம் ஜோர்ஜின் மகன் பிரெட்ரிக்கின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். இவ்வளவு சண்டையும் எதற்காக என்ற கேள்வி யாருக்காவது வரும். விடை மாலையில் துறைமுகக் கரையில் கிடைக்கும்; அதுவரை சொல்லாமல் வைத்திருங்கள்.

இரண்டாம் அடி: மான்களும் மரங்களும்

வாசலுக்கு உள்ளே வந்தால் பெரிய ஆலமரங்கள், அவற்றின் கீழே புள்ளிமான்கள். பயமே இல்லாத மான்கள். வழியில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தால் நேரே வந்து மோந்து பார்க்கும். கொம்பில் இன்னும் மென்மயிர் மூடிய கலைமானைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிற நகரம் வேறு எங்கே இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வேண்டுகோள்: பையில் சுற்றிய எதையும் கொடுக்காதீர்கள், பையை விட்டுவிட்டும் போகாதீர்கள். பொலித்தீனைத் தின்று செத்த மான்களைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு வாசம் பிடித்த பையை அது அப்படியே விழுங்கிவிடும். உங்கள் குப்பை உங்கள் பையோடு திரும்பட்டும்.

வழியில் வெலிங்டன் பெயரால் சொல்லப்படும் பழைய வீடு ஒன்று இருக்கிறது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லஸ்லி, 1800இல் படை திரட்ட இங்கே வந்திருந்தார். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நடக்கலாம், நிற்க வேண்டியதில்லை. பௌத்த விகாரை ஒன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. போக விரும்புகிறவர்கள் அங்கேயும் செருப்பைக் கழற்றி, தொப்பியை எடுத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் அடி: கோணேசர் மலை

வாசலிலிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீற்றர் அளவு, கடைசியில் ஏற்றம். மேலே வரவர மரங்கள் விலகி இரண்டு பக்கமும் கடல் திறக்கும். வழியோரக் கடைகளில் தேங்காய், தாமரைப்பூ, உருத்திராட்சம், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். அர்ச்சனைத் தட்டு வேண்டுமானால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

எங்கள் நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு: மன்னாரில் திருக்கேதீச்சரம், இங்கே திருக்கோணமலை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த மலையைப் பாடும்போது, ஆரவாரிக்கும் கடல் முத்தைக் கரையில் கொண்டுவந்து கொழிக்கிறது என்று பாடினார். மலை விளிம்பில் நின்று கீழே அலை பாறையில் மோதி வெண்ணுரையாகச் சிதறுவதைப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே கண்ணுக்குத் தெரியும். பதிகம் தெரிந்தவர் கூட்டத்தில் இருந்தால் அங்கே நின்று பாடச் சொல்லுங்கள். காற்று அரைவாசியை எடுத்துக்கொண்டு போகும், பரவாயில்லை.

கோயில் கதையை வைத்திருப்பவருக்கு இதுதான் இடம். இடிபட்ட பின் முந்நூறு வருடத்துக்கு மேலாக மலையில் கோயில் இல்லை. ஆனால் வழிபாடு நிற்கவில்லை. சனங்கள் விளிம்பில் நின்று கடலுக்குப் பூவும் பழமும் இட்டுக் கும்பிட்டார்கள். பிறகு 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளியே வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. இடிபட்ட காலத்தில் யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்தவை. 1956இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தார்கள். தூண்களும் செதுக்கிய கற்களும் அடியில் கிடந்தன. அங்கிருந்து எடுக்கப்பட்ட சிவலிங்கமும் இன்றைய கோயிலில் இருக்கிறது. புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல்.

இதைக் கேட்டபிறகு உள்ளே போய்க் கும்பிடுங்கள். இன்று மூலஸ்தானத்துக்கு முன் நிற்கும்போது, வந்த வழியில் பார்த்த மதில் கல், கடலுக்கு அடியில் கிடக்கும் தூண், மண்ணிலிருந்து எழுந்த வெண்கலம் எல்லாம் ஒரே கோயில் என்று தோன்றும். எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

கும்பிட விருப்பமில்லாத நண்பர்களும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் இராவணன் வெட்டு இருக்கிறது, அங்கே நிற்கட்டும். தாய்க்காக இந்த மலையைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்த இராவணனின் வாள் வெட்டு என்று சொல்லப்படும் பாறைப் பிளவு அது. அங்கே மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் தொங்கும். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் நேர்த்தி. தள்ளி நின்று பாருங்கள், கையில் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். விளிம்பு வேலிக்கு அப்பால் ஒரு காலும் வைக்க வேண்டாம். காற்று திடீரென்று தள்ளும்.

மலை உச்சியில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்றும் இருக்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து 1687இல் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பழைய பதிவுகளின்படி அவள் சாகவில்லை, பிறகும் கலியாணம் செய்து வாழ்ந்திருக்கிறாள். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும்.

கடலைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பாருங்கள். இங்கே ஆழம் கரைக்கு மிகக் கிட்டவே தொடங்குகிறது. அதனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வாய்த்தால் மலையில் நின்றபடியே நீலத் திமிங்கலம் நீர் பீய்ச்சுவதைக் காணலாம்.

நான்காம் அடி: இறங்கி, சாப்பிட்டு, டைக் வீதி

எட்டரை மணிக்குள் இறங்கிவிடுங்கள். வாசலைக் கடந்து நகரத்துப் பக்கம் வந்தால் காலைச் சாப்பாட்டுக்குக் கடைகள் இருக்கும். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அல்லது பிட்டு, மீன்குழம்பு. தமிழ்நாட்டு நண்பர்கள் இட்லி தேடுவார்கள், அது கிடைக்கும்தான், ஆனால் இங்கே வந்து இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துச் சாப்பிடாமல் போகக்கூடாது. முடிவில் இஞ்சி போட்ட பிளேன்டீ. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் இன்னும் நல்லது.

சாப்பிட்டுவிட்டு வடக்கே டைக் வீதி வழியாக நடங்கள். இடப்பக்கம் பழைய ஓட்டு வீடுகள், அவற்றில் சிலவற்றுக்கு இன்னும் மரத்தூண் விறாந்தை இருக்கிறது. வலப்பக்கம் வீட்டுச் சந்துகளுக்கிடையே கடல் எட்டிப்பார்க்கும். கொஞ்சத் தூரத்தில் தூய மரியாள் பேராலயம். 1852இல் கட்டியது, முகப்பு வான்நீலம். திருகோணமலை மறைமாவட்டத்தின் தாய்க் கோயில். பூசை நடக்காத நேரமாயின் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் உட்காருங்கள். வெளியே வெக்கை ஏறிவிட்ட நேரத்தில் உள்ளே தரையே குளிராக இருக்கும்.

இந்த வீதிகளில் நடக்கும்போது ஊரின் அடுக்குகள் தாமாகத் தெரியும். சைவக் கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, தேவாலயப் பாட்டு, விகாரையின் பிரித் ஓதல். எல்லாம் ஒரே காற்றில் கேட்கும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் இது. யுத்த காலத்தில் இந்தத் தெருக்களில் நடந்தவை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர்களிடமும் ஓட்டோக்காரர்களிடமும் நீங்களாக அந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஐந்தாம் அடி: மத்தியானம் ஓய்வு

பதினொன்றரை மணியிலிருந்து மூன்றரை வரை நடக்க வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த வெயிலில் பிடிவாதம் பிடித்து நடந்தால் மாலை வீணாகும்.

சந்தைப் பக்கம் போய்ச் சோற்றுக்கடை ஒன்றில் உட்காருங்கள். பாரை அல்லது அறுக்குளா மீன்குழம்பு, கணவாய்ப் பிரட்டல், நண்டுக் கறி. நண்டு சாப்பிடுவதானால் நேரம் எடுத்துக் கையால் சாப்பிடுங்கள். மரக்கறிக்காரர்களுக்கு மரவள்ளி, பருப்பு, கீரைக்கடையல், பாகற்காய்ச் சம்பல் கிடைக்கும். கடைசியில் மண்சட்டித் தயிர். கந்தளாய், மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி. சட்டியைச் சாய்த்தாலும் சரியாத தயிர்தான் நல்ல தயிர். வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். அதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பிறகு தங்குமிடம் போய் ஒரு தூக்கம்.

ஆறாம் அடி: நூதனசாலை, கல்லறைகள், காளி கோயில்

மூன்றரைக்குப் புறப்பட்டால் முதலில் கடல்சார் நூதனசாலை. ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் இருந்த மாளிகையைத் திருத்தி 2013இல் திறந்தார்கள். கட்டடமே பார்க்க வேண்டியது: தடித்த சுவர், அகன்ற விறாந்தை, கடற்காற்று உள்ளே வந்து வெளியே போகும் அமைப்பு. காட்சிப் பொருட்களை அரை மணியில் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து எஸ்பிளனேட் பக்கம் தூய ஸ்தேவான் மயானம். நாவல்கள் வாசிக்கும் நண்பர் இருந்தால் அவரை முன்னால் விடுங்கள். ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் இங்கேதான் அடங்கியிருக்கிறார். ஆங்கிலக் கடற்படையில் ரியர் அட்மிரல். 1852இல் பர்மாப் போரில் ஐராவதி ஆற்றில் இருக்கும்போது வாந்திபேதியில் இறந்தார். அக்கா எழுதிய கப்பற்காரப் பாத்திரங்களுக்கெல்லாம் பின்னால் இந்தக் குடும்பத்துக் கடல் அனுபவம் இருந்தது. 1908இல் இந்த ஊரில் இறந்த இராணுவப் பொறியியலாளர் பேர்சி மோல்ஸ்வர்த்தின் கதையையும் இங்கே சொல்லலாம். இங்கிருந்து தொலைநோக்கியில் வியாழன் கோளை இரவிரவாகக் கவனித்துக் குறித்தவர் அவர். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. மின்விளக்கு நிறையாத அந்தக் காலத்துத் திருகோணமலை வானம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய கல்லறைகளின் மேல் ஏறவோ உட்காரவோ வேண்டாம்.

மாலையானதும் பத்திரகாளி அம்மன் கோயில். மக்கெய்சர் விளையாட்டரங்குக்கும் பஸ் நிலையத்துக்கும் கிட்ட இருக்கிறது, கோபுரத்தைத் தவறவிட முடியாது. கோட்டை மான்கள் இங்கேயும் வந்து திரியும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நடுவே ஒரு மான் நிற்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், நேரே வந்து பார்க்கட்டும். உள்ளே விதானம் முழுதும் வண்ணச் சிற்பங்கள். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்கலாம். மாலைப் பூசை தொடங்கினால் தவிலும் நாதஸ்வரமும் மண்டபத்தை நிறைத்துவிடும். ஆனால் அஸ்தமனத்துக்கு நேரம் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஏழாம் அடி: உள்துறைமுகத்தில் பொழுதுபடும் நேரம்

பஸ் நிலையத்துப் பக்கமிருந்து உள்துறைமுக வீதிக்குச் சில நிமிட நடை. கடல் என்று சொல்ல முடியாத அளவுக்கு அமைதியான நீர். சுற்றிலும் குன்றுகள். எதிர்க்கரையில் சீனக்குடா, பிறிமா மா ஆலை, அதற்குப் பின்னால் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இது. ஆழம் அதிகம், குன்றுகள் காற்றைத் தடுக்கும், எந்தப் பருவத்திலும் கப்பல் உள்ளே பத்திரமாக நிற்கும். வங்காள விரிகுடாவில் புயல் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரை முழுவதும் ஒரு கப்பற்படைக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒதுங்க இடம் இருக்கவில்லை. காலையில் கேட்ட கேள்விக்கு விடை இந்த நீர்தான்.

1942இன் கதையை இங்கே சொல்லுங்கள். ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. தாக்குதல் வரும் என்று முன்பே தெரிந்து பல கப்பல்களை முதல் நாள் இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போன விமானந்தாங்கி ஹெர்மிஸ், தன் விமானங்கள் இல்லாமல் தெற்கே போய், அன்றே மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்தில் நின்றிருந்தால் தப்பியிருக்குமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். அந்த விவாதத்தோடு சூரியன் இறங்கட்டும்.

துறைமுக வாய்க்குக் காவலாக நிற்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அனுமதியில்லாமல் போக முடியாது. போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடற்படை வாசல்களுக்குக் கிட்டப் படமெடுப்பதைத் தவிருங்கள்.

எட்டாம் அடி: இரவு

சரி, இனி அலைச்சல் இல்லை. டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் பிள்ளைகுட்டியோடு காற்று வாங்க வரும் இடம். இறால் வடை, அவித்த கடலை, வறுத்த கச்சான் (நிலக்கடலை), ஐஸ்கிறீம். இங்கே நீந்த வேண்டாம், கீழ்நீரோட்டம் உண்டு. கால் நனைத்துவிட்டு மணலில் உட்காருங்கள். இடப்பக்கம் இருட்டில் சுவாமி மலை நிற்கும், உச்சியில் கோயில் விளக்கு. பசித்தால் நகரத்துக்குள் கொத்துரொட்டிக் கடைகள் பிந்தியும் திறந்திருக்கும். தகரத்தில் கத்தி அடிக்கும் தாளம் கேட்கும் திசையில் நடந்தால் போதும்.

மறுநாள் இருந்தால்

நடையில் சேராத மூன்று இடங்களுக்கு ஓட்டோ பேசிக்கொள்ளலாம். ஏறும் முன் கூலியைப் பேசி முடிவு செய்யுங்கள். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏப்ரல் 9 கதையைக் கேட்டவர்கள் அங்கே பெயர்களை வாசிக்காமல் வரமாட்டார்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாயின் அந்தியேட்டிக்காக, அதாவது இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்காக, உண்டாக்கியவை என்பது ஐதீகம். இன்றும் சைவர்கள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருவார்கள். அதனால் அங்கே கூச்சல் போடாமல் குளியுங்கள். துவாயும் மாற்று உடுப்பும் வேண்டும்.

மூன்றாவது தம்பலகாமம். மலைக் கோயிலை இழந்தபின் கோணேசரை வைத்துக் கும்பிட்ட ஆதி கோணேசர் கோயில் அங்கே வயல்வெளிக்கு நடுவில் இருக்கிறது. கண்டி வீதியில் போகும் பஸ்ஸில் ஏறித் தம்பலகாமச் சந்தியில் இறங்கினால், அங்கிருந்து ஓட்டோ கிடைக்கும். நெல் பச்சையாக நிற்கும் மாதங்களில் போகிறவர்கள் கடைசித் தூரத்தை நடந்தே போகலாம். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அந்தப் பாதையில் நிழல் குறைவு.